தட்டினது தட்டினபடி

ஆன்ட்டி, நீங்க எப்படி இந்த பஸ்ல? உங்களுக்குக் காய்ச்சல் ஆச்சே!

முழிக்காதீங்க. நேத்து மத்தியானத்துல இருந்து உங்களுக்குக் கடுமையான காய்ச்சல். எந்திரிச்சு நிக்க முடியல, வாய் கசக்குது, கண்ணைத் திறந்தா வீடு சுத்துது. எங்க பிரின்சிபலுக்குத் தெரியும். ஆபீஸ்ல பியூன் வரைக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் இன்னும் தகவல் வரல போலிருக்கு.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சொல்றேன். மடியில என்ன பை, இவ்வளவு கனமா? அச்சு முறுக்கா? பிரின்சிபலுக்கா? நல்லது. மக ஒரு தப்பும் செய்யல, அம்மா மன்னிப்பு கேக்கப் போறாங்க, அதுக்கு முறுக்கு வேற. அவரு ரெண்டு கடி கடிச்சிட்டு, 'மொறுமொறுன்னு இருக்கா? இருக்கு. உங்க பொண்ணை மன்னிக்கலாமா? முடியாது'ம்பாரு. அப்படித்தான் பேசுவாரு. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நாங்க எல்லாம் எதுக்குக் காலேஜுக்குப் போறோம்னே தெரியல.

என்னைத் தெரியலையா? இசக்கிப்ரியா, ஆன்ட்டி. உங்க ஜெருஷாகூட ஒரே பெஞ்ச். கிறிஸ்மஸுக்கு வந்து, உங்க பாஸ்டர் குரல்ல ஜெபம் பண்ணி, உங்க வீட்டுக்காரரையே கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொல்ல வச்சேனே. ஆங்... அந்தப் பிள்ளைதான். அப்ப எல்லாரும் சிரிச்சீங்க. இப்ப ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

பாலிடெக்னிக் ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள உங்களுக்குக் காய்ச்சல் வரணும். இல்லைன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போயிரணும். ரெண்டுல எது உங்களுக்கு வசதி?

ரெண்டும் இல்லையா? அப்ப முழுசாக் கேளுங்க. கேட்டா நீங்களே இருமுவீங்க.

உங்க பொண்ணு மேல ஒரு புகார். டிசி கொடுத்து அனுப்பப் போறதாச் சொல்றாங்க. ரெண்டாம் வருஷம் முடியப் போற நேரத்துல டிசி. ஜெருஷா உங்ககிட்ட என்ன சொன்னா? 'சின்ன விசாரணைம்மா, வந்துட்டுப் போங்க.' அவ்வளவுதானா? பாத்தீங்களா, உங்க பொண்ணுக்கு எதையும் முழுசாச் சொல்லத் தெரியாது. வீடு தீப்பிடிச்சாலும் 'அடுப்படி பக்கம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கு'ன்னுதான் சொல்லுவா.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு வேலையை எங்க டிப்பார்ட்மென்டுக்குக் கொடுத்தாங்க, தெரியும்ல? 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு ஒரு பொம்பளைக் குரல், தேன்ல முக்கி எடுத்த மாதிரி. அது நான்தான். என் சொந்தக் குரல் இல்ல. நகைக்கடை விளம்பரத்துல பேசுற அக்காகிட்ட இருந்து இரவல். அவங்களுக்குத் தெரியாது, விடுங்க. ஊர்ப் பேரு, பிளாட்பாரம், நேரம்னு எல்லாத்தையும் துண்டு துண்டாப் பேசிக் கொடுத்தேன்.

குரல் என்னோடது, மூளை உங்க பொண்ணோடது. அவ ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா. சினிமா வசனம் இல்ல ஆன்ட்டி. கம்ப்யூட்டர் என்ன செய்யணும்னு வரிசையா எழுதி வைக்கிறது. பஸ் ஸ்டாண்டு விசாரணை அறையில உக்காந்திருக்கிறவரு, எந்த பஸ், எந்த பிளாட்பாரம், எந்தக் குரல், என்ன காரணம்னு ஒரே ஒரு வரி தட்டினாப் போதும். அதுவே துண்டுகளை ஒட்டி, அதுவே ஒலிபெருக்கிக்கு அனுப்பி, அதுவே இன்னிக்கு இன்ன மாற்றம் செஞ்சேன்னு ஒரு குறிப்பும் எழுதி வச்சுக்கும். அந்தக் குறிப்புக்குப் பேரு கமிட் மெசேஜ்.

முதல்ல அந்தக் குறிப்பு எவ்வளவு தங்கமா இருந்துச்சு தெரியுமா? 'தானியங்கி மாற்றம்.' அவ்வளவுதான். நேத்தும் தானியங்கி மாற்றம், இன்னிக்கும் தானியங்கி மாற்றம். யாரு என்னன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எவ்வளவு நிம்மதி! கல்யாண ஆல்பத்துல யாருன்னே தெரியாத ஆளுங்களை எல்லாம் 'சொந்தக்காரங்க'ன்னு சொல்லிக் கடந்து போற மாதிரி.

உங்க பொண்ணுக்கு நிம்மதி பிடிக்குமா? ஒருநாள் சங்கரன்கோவில் பஸ்ஸு ஒரு பிளாட்பாரத்துல நிக்குது, அறிவிப்பு இன்னொரு பிளாட்பாரத்தைச் சொல்லுது. என்ன தட்டினாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. குறிப்பைத் திறந்தா, தானியங்கி மாற்றம். இவ அன்னிக்கு முழுக்கச் சாப்பிடாம உக்காந்து தேடினா. மறுநாள் வந்து, 'ஏட்டி இசக்கி, இனிமே என்ன தட்டுறாங்களோ அது தட்டினது தட்டினபடி குறிப்புல வந்துரும்'ங்கிறா, ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி.

நான் கேட்டேன், 'யாருடி அதைப் படிக்கப் போறா?'

'திரும்ப அதே மாதிரி செய்யணும்னாத் தேவைப்படும்.'

'யாருடி திரும்ப அதே மாதிரி செய்யப் போறா?'

அதுக்கு உங்களை இழுத்தா ஆன்ட்டி. 'எங்கம்மா தச்ச பிளவுஸ்ல அளவுச் சீட்டைக் குத்தியேதான் கொடுப்பாங்க. கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, கொக்கி முன்னாடியா பின்னாடியா, எல்லாம் அதுல இருக்கும். யாரு எடுத்துட்டுப் போனாலும் அதே மாதிரி தச்சுக்கலாம்.' நான் சிரிச்சேன். பிளவுஸ் பேசாது, பஸ் ஸ்டாண்டு பேசும்னு சொன்னேன். நல்ல ஜோக்தானே? அவ சிரிக்கல. அவ சிரிக்கவே மாட்டா.

சரி, இப்ப விஷயத்துக்கு வாரேன். கண்டக்டர் அண்ணே, இந்த ஆன்ட்டிக்கு அடுத்த ஸ்டாப்... என்ன ஆன்ட்டி கையைப் பிடிக்கிறீங்க? சரி, சரி. ஒண்ணும் இல்ல அண்ணே, போங்க.

ஆண்டு விழான்னு ஒண்ணு நடத்தினாங்க. ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் அதுல இடம் இருந்துச்சு. பேச்சுப் போட்டியில சொன்னதையே சொன்னவன், டான்ஸ்ல கால் மாத்தி ஆடினவன், மேஜிக்ல புறாவைத் தொலைச்சவன், எல்லாருக்கும் இடம். என் மிமிக்ரிக்கு மட்டும் இடம் இல்ல. பிரின்சிபல்கிட்டயே போய்க் கேட்டேன். 'உன் நிகழ்ச்சியில யாரை எல்லாம் பேசுவ? என்னையும் பேசுவ. நான் அதை மேடையில உக்காந்து பாக்கணுமா? வேண்டாம்.' அவ்வளவுதான். எழுத்துல ஒரு பதில் கூட கிடையாது. கலைஞர்களை மதிக்கிற நாடு ஆன்ட்டி இது.

நான் ஒண்ணும் பெருசாச் செய்யல. சாருக்கு ஒரு சின்ன மரியாதை செஞ்சேன். அவரு குரல்ல ஊர்ப் பேரு, பிளாட்பாரம் எல்லாம் முன்னாடியே பேசிப் பென்டிரைவ்ல வச்சிருந்தேன், விழாவுக்குன்னு. வீணாப் போகலாமா? பஸ் ஸ்டாண்டு விசாரணை அறைக்குப் போனேன். அங்க வேலையா வந்திருந்த ஜெருஷா சாப்பிடப் போயிருந்தா. அவ பேர்ல கம்ப்யூட்டர் திறந்தே இருந்துச்சு. அது அவ தப்புதானே, மூடிட்டுப் போயிருக்கணும்ல? ஒரு வரி தட்டினேன். எல்லாத் தடத்துக்கும் இந்தக் குரல், குரல் என் பென்டிரைவ்ல இந்த ஃபோல்டர்ல இருக்கு, காரணம் இது. அவ்வளவுதான்.

நீங்க கேட்டிருக்கணும் ஆன்ட்டி! பஸ் ஸ்டாண்டு முழுக்க எங்க பிரின்சிபல்.

'திருநெல்வேலி வந்தாச்சா? வந்தாச்சு. எத்தனாவது பிளாட்பாரம்? அதையும் நானே சொல்லணுமா? சொல்லணும். ரெண்டு. ராஜபாளையம் எங்க? ராஜபாளையம் வரல. ஏன் வரல? கேட்டா பதில் இருக்கா? இல்ல.'

டீக்கடைக்காரரு டீ ஆத்துறதை நிறுத்திட்டாரு. ஒரு டிரைவர் பஸ்ஸுக்குள்ள இருந்து எந்திரிச்சு நின்னு, 'உள்ளேன் ஐயா!'ன்னு கத்தினாரு. பூக்கார அக்கா சிரிச்சுச் சிரிச்சு முழம் போடுறதுல தாராளமாயிட்டாங்க. எனக்கு எந்த மேடையிலயும் அவ்வளவு கைதட்டு கிடைச்சது இல்ல.

பாதிப்பா? என்ன பெரிய பாதிப்பு? ராஜபாளையம் பஸ்ஸு வந்துதான் நின்னுச்சாம். 'வரல'ன்னு நம்பி ஒரு குடும்பம் டீ குடிக்கப் போயிருச்சாம். பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸு வராதா? அவங்க ஏதோ டாக்டரைப் பாக்க நேரம் வாங்கியிருந்தாங்களாம். டாக்டர் எங்க போயிருவாரு? அவங்கதான் எழுதிக் கொடுத்தாங்க புகார். சிரிக்கத் தெரியாத குடும்பம்.

ஏன் சும்மா இருக்கீங்க? எதாவது பேசுங்க ஆன்ட்டி. நீங்க பேசாம இருந்தா ஜெருஷா பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு.

அப்புறம் காலேஜ்ல விசாரணை. அந்தக் குறிப்புப் பட்டியலைத் திறந்து பாத்தாங்க. மேல தெரியிறது ஒரே வரி: தேதி, 'அறிவிப்பு மாற்றம்', ஜெருஷா. ஏன்னா அவ பேர்லதானே திறந்திருந்துச்சு. அந்த வரியைத் தட்டினாத்தான் கீழ முழுக் குறிப்பும் விரியும். தட்டணும்னு யாருக்குத் தோணும்? பெரிய படிப்புப் படிச்சவங்க எல்லாரும் மேல் வரியைப் பாத்தாங்க, பேரைப் பாத்தாங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. விசாரணை முடிஞ்சு போச்சு.

பிரின்சிபல் அவளைக் கூப்பிட்டுக் கேட்டாரு. 'உன் லாகினா? உன் லாகின்தான். நீ செஞ்சியா?' இதுல ஒரு அதிசயம் ஆன்ட்டி, அந்தக் கேள்விக்கு மட்டும் சார் பதில் சொல்லாம அவ மூஞ்சியைப் பாத்தாராம். இவ வாயைத் திறந்தாளா? 'என் லாகின்தான் சார்.' அவ்வளவுதான். கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிட்டு நின்னிருக்கா.

நான் அவளுக்கு எவ்வளவு நல்ல வழி சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? 'தானியங்கின்னு சொல்லுடி. தானா நடந்துச்சுன்னு சொல்லு. மெஷினை யாரு டிசி கொடுத்து அனுப்புவா?' அதுக்கு அவ, 'தானா எதுவும் ஓடாது. யாராவது ஓட்டணும்'ங்கிறா. சரி, அந்தக் குறிப்பையாவது அழிச்சிருன்னு கெஞ்சினேன். கெஞ்சினேன் ஆன்ட்டி, என் சொந்தக் குரல்லயே கெஞ்சினேன்னு நினைக்கிறேன். ஏன்னா அதுல குரல் எங்க இருக்குன்னு நான் தட்டினது இருக்குல்ல? பென்டிரைவ்ல அந்த ஃபோல்டருக்கு என்ன பேரு வச்சிருந்தேன்? இசக்கிப்ரியான்னுதான். என் பொருளுக்கு என் பேரைத்தானே வைப்பேன்? தட்டினது தட்டினபடி அப்படியே வந்து உக்காந்திருக்கு. காரணமும் சேந்து. 'விழாவில் இடமில்லை, பஸ் ஸ்டாண்டில் இடமுண்டு.' தட்டும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு!

அவ என்ன சொன்னா தெரியுமா? 'அழிக்கவும் மாட்டேன். காட்டவும் மாட்டேன்.'

இது என்ன கொள்கை? கடை திறந்திருக்கா மூடியிருக்கா, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்ல? அழிக்கவும் மாட்டா, காட்டவும் மாட்டா. என்னை மிரட்டுறான்னுதான் நினைச்சேன். இப்ப வரைக்கும் யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. மிரட்டுறதா இருந்தா எதாவது கேக்கணும்ல? அதுவும் கேக்கல. நேத்துக் காலையில கேன்டீன்ல எனக்கும் சேத்து டீ வாங்கி வச்சிருந்தா. அந்த டீயைக் குடிக்க முடியல. சர்க்கரை போட மறந்துட்டாளோ என்னவோ.

அதனாலதான் ஆன்ட்டி நானே களத்துல இறங்கினேன். பெத்தவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. நீங்க வந்து முறுக்கோட உக்காந்தா அன்னிக்கே டிசி. ஒரு வாரம் தள்ளிப் போட்டா சாருக்குக் கோபம் ஆறும், நானும் எதாவது யோசிப்பேன். ஆபீஸ் போனுக்கு அடிச்சேன். அடிச்சு...

உங்க குரல்ல பேசினேன்.

கோபப்படாதீங்க! எவ்வளவு மரியாதையாப் பேசினேன்னு கேளுங்க முதல்ல. 'வணக்கம் சார், நான் ஜெருஷாவோட அம்மா பேசுதேன். உடம்புக்குச் சொகமில்ல சார். எந்திரிச்சு நிக்க முடியல.' நடுவுல ஒரு இருமல். அந்த இருமல் சொல்லிக் கொடுத்து வராது ஆன்ட்டி, அது பிறவியிலேயே வரணும். ஆபீஸ் அக்கா உருகிப் போய் சார்கிட்டயே கனெக்ஷன் கொடுத்துட்டாங்க. நான் அதை எதிர்பார்க்கல. ஆனா மேடைன்னு வந்துட்டாப் பின்வாங்க முடியுமா?

நேத்து நீங்க நல்லா அழுதீங்க ஆன்ட்டி. 'ஒத்தப் பொண்ணு சார், ராப்பகலா மெஷின் மிதிச்சுப் படிக்க வைக்கேன் சார்'னு சொன்னீங்க. சார் கம்முன்னு கேட்டாரு. கேள்வியும் கேக்கல, பதிலும் சொல்லல. அந்த மனுசனை அமைதியாக்கின முதல் ஆளு நீங்கதான்.

என்ன? நீங்க வேற என்ன சொன்னீங்கன்னு கேக்கிறீங்களா?

கடைசியில, அந்த வேகத்துல, அழுகை நல்லா ஓடிட்டு இருந்துச்சுல்ல, அதுல... 'சின்னப் பிள்ளை சார், தெரியாமச் செஞ்சிட்டா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க'ன்னு...

நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க? எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் இயல்பா இருக்கணும்னுதான்...

சொல்ல மாட்டீங்களா?

'என் பொண்ணு செஞ்சிருக்க மாட்டா'ன்னு சொல்லியிருப்பீங்களா? யாருக்கு முன்னாலயும்? பிரின்சிபலுக்கு முன்னாலயுமா? அப்ப இந்த முறுக்கு? ஓ... ஹாஸ்டல்ல இருக்கிற ஜெருஷாவுக்கா? சாருக்குன்னு நானாத்தான் நினைச்சுக்கிட்டேனா.

ஒண்ணு சொல்லட்டுமா, உங்க குரலை நான் தப்பாப் பிடிச்சிருக்கேன். உங்க வீட்டுல கேட்டப்போ இழுத்து இழுத்துப் பேசுற மாதிரி இருந்துச்சு. இப்பக் கேட்டா வெட்டு வெட்டுன்னு இருக்கு.

உங்க போன் அடிக்குது.

எடுக்காதீங்க. காலேஜ் நம்பர். எடுக்காதீங்க ஆன்ட்டி! எடுத்துட்டீங்க.

என்ன சொல்றாரு? டிசி தயாரா இருக்குன்னா? 'நேத்து நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா'ன்னா? ஐயோ. எதாவது சொல்லுங்க. மெஷின் தானா ஓடிச்சுன்னு சொல்லுங்க. இருமுங்களேன்! ஏன் என்கிட்ட நீட்டுறீங்க?

'நேத்து பேசுனது நீதானட்டி, மிச்சத்தையும் நீயே பேசு'ன்னா? நான் எப்படி? கையில வைக்காதீங்க... வச்சிட்டீங்க.

'ஹலோ... வணக்கம் சார். நான் ஜெருஷாவோட அம்மா பேசு... பேசுதேன்...'

அப்படிப் பாக்காதீங்க ஆன்ட்டி. நீங்க பாத்தா குரல் வர மாட்டேங்குது.

'சார்... இல்ல சார். அம்மா இல்ல. அம்மா பக்கத்துல இருக்காங்க. நான் இசக்கிப்ரியா. ரெண்டாம் வருஷம், கம்ப்யூட்டர். அதேதான் சார், மிமிக்ரி... இல்ல சார், இப்ப யாரை மாதிரியும் பேசல. இது என் குரல்தான். நீங்க கேட்டது இல்லையா? நானே ரொம்ப நாளாக் கேக்கல சார்.

சார், அந்த அறிவிப்பை மாத்தினது நான். ஜெருஷா இல்ல. நான் சார். என்னது? அவளைக் காப்பாத்த நான் பொய் சொல்றேனா? ஐயோ, நான் அவ்வளவு நல்லவ இல்ல சார், யாரை வேணும்னாலும் கேளுங்க. நேத்து போன்ல அழுததும் நான்தான். சத்தியமா. இல்ல சார், அது அவங்க அம்மாவே இல்ல. அப்படி அழ ஒரு தாயாலதான் முடியும்னா... தேங்க்ஸ் சார். ஐயோ, பாராட்டா எடுத்துக்கல சார், வாயில வந்துருச்சு.'

நம்ப மாட்டேங்கிறாரு ஆன்ட்டி! வாழ்க்கையில முதல் தடவையா நிஜத்தைச் சொல்றேன், மிமிக்ரிங்கிறாரு!

'சரி சார். என்னை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால இருக்கா? அந்தப் பட்டியலைத் திறங்க. புகார் வந்த அன்னிக்குத் தேதி. ஜெருஷா பேரு தெரியுதா? அந்த வரி மேல தட்டுங்க. பாத்தா மட்டும் போதாது சார், தட்டணும், தட்டினாத்தான் கீழ விரியும். விரிஞ்சுதா? யாரு என்ன தட்டினாலும் அப்படியே வந்து உக்காந்துக்கும். அதை எழுதினவ அப்படி எழுதியிருக்கா. சத்தமாப் படிங்க சார், அம்மாவுக்கும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடுறேன்.

ம்... தடம், எல்லாம். ம். குரல்... நிறுத்தாதீங்க சார், சாய்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கும், அது ஃபோல்டர் பேரு. படிங்க.

ஆமா சார். என் பேருதான்.'

கண்டக்டர் அண்ணே! பாலிடெக்னிக் ஸ்டாப்! ரெண்டு பேர் இறங்கணும்!

'லைன்லயே இருங்க சார். அடுத்தது காரணம்னு ஒண்ணு இருக்கும். அதை நீங்க படிக்க வேண்டாம். நேர்ல வந்து நானே படிக்கிறேன்.'